முகம் கழுவத் தண்ணீர்

சாள்ஸ் நன்றாக முகம் கழுவுவான், சேர். செஸ் ஆட்டம் இறுகும்போது எழுந்து வெளியே போய், திறந்த கண்ணில் தண்ணீரை அடித்துக் கழுவிவிட்டு வருவான். பிறகு அவனை வெல்ல முடியாது.

யட்டியாந்தோட்டைப் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்துச் செஸ் அணியில் நாலு பேர். மற்ற இருவருக்கும் குடும்பம் இருக்கிறது. வேலை முடிந்தபின் என் லயத்து அறைக்கு வருகிறவன் சாள்ஸ் மட்டும்தான். நடுச் சிப்பாய்களைத் தொடமாட்டான். ஒரு பக்கத்துச் சிப்பாயைத் தள்ளித்தான் தொடங்குவான். நடுவை எதிராளிக்கு விட்டுக்கொடுத்து, பக்கத்திலிருந்து நெருக்குவான். அப்படித் தொடங்கினால் ஆட்டம் நீளும். அதனால் எனக்கு அது பிடிக்கும்.

எம்பிலிப்பிட்டிய அணி எங்கள் கிளப்புக்கு ஆட வருவதற்கு முதல்நாள் சொன்னான்.

“அந்தனிண்ணே, நாளைக்கு ஜெயிச்சா கொழும்பு டீம்ல எடுக்குறாங்க. வேலையும் தர்றாங்களாம்.”

“அப்ப நான் யாரோட ஆடுறது?”

“ஒரு பொண்ணப் பாத்துக் கட்டுங்கண்ணே. செஸ் தெரியாதவளா பாருங்க. அப்பவாச்சும் ஒருதடவை ஜெயிப்பீங்க.”

நானும் சிரித்தேன்.

மூன்று ஆட்டங்கள் முடிந்து, ஒன்று வென்று ஒன்று தோற்று ஒன்று டிரோவாகி, இரு அணியும் சமமாக நின்றன. சாள்ஸின் ஆட்டம் மட்டும் மிச்சம். அதே தொடக்கம். எதிராளியின் நடு இடிந்துகொண்டிருந்தது. சாள்ஸ் எழுந்து வெளியே வந்தான். குழாயில் தண்ணீர் இல்லை. அப்படியான நாட்களில் நான்தான் போத்தலிலிருந்து அவன் கையில் ஊற்றுவேன். ஏந்தியதும் கண்ணில் அடித்தான்.

ரப்பர் பாலை உறைய வைக்கும் அசிட்டையும் எங்கள் தோட்டத்தில் சோடாப் போத்தலில்தான் வைத்திருப்பார்கள். பெக்டரி கிளப்புக்குப் பக்கத்திலேயே இருப்பதால் அந்த வாடையை யாரும் கவனிப்பதில்லை. போத்தல் மாறிவிட்டது என்று எல்லாரும் நம்பினார்கள். ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட லூர்தம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அது அநியாயம். அதைச் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். போத்தல் மாறவில்லை. காலையில் ஸ்டோரில் நானே நிரப்பிக் கொண்டுவந்தது அது.

செஸ் கடிகாரத்தில் அவனுடைய நேரம் ஓடி முடிந்தது. அணி தோற்றது. அதில் எனக்கு வருத்தம்தான்.

சாள்ஸ் இப்போது எங்கும் போவதில்லை. மாலையில் நான் அவன் வீட்டுக்குப் போகிறேன். பலகையில் காய்களை வைத்து, என் நகர்த்தலைச் சத்தமாகச் சொல்வேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பான். பதில் சொல்லமாட்டான். யோசிக்கிறான். வேண்டிய நேரம் கொடுத்துவிட்டு, அவன் காயையும் நானே நகர்த்துவேன். இதுவரை அவன் என்னிடம் ஓர் ஆட்டமும் தோற்கவில்லை, சேர்.