மின்வண்டி நிற்கும்

வெயிலுக்கும் அஞ்சாமல் வாசலில் வரும் லாரிக்கும் அஞ்சாமல் இந்த அவையின் நடுநாற்காலியில் வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய தலைவர் அஹமது கபீர் அவர்களே! நமது சிராங்கூன் மின்வண்டிக் கம்பெனியில் முதல் பங்கை எடுத்த முதல்வரே! முன்வரிசையில் மூத்த முகங்களாய்த் திகழும் பெரியோர்களே! இடப்பக்கம் முந்தானையை இறுக்கிப் பிடித்தபடி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மாருள் ஒருவராய் வந்திருந்தாலும் இன்று எல்லார் கண்ணும் தேடுகின்ற இராசேஸ்வரி அம்மையார் அவர்களே! பங்கு எடுத்த பண்பாளர்களே! எடுத்த பங்கைத் திரும்பக் கேட்க வந்திருக்கும் நண்பர்களே! ஜப்பான் சார்ஜன்ட் துரை அனுப்பி, கதவோரமாய்த் தனியே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளர் மருதப்பன் அவர்களே! உங்கள் அனைவருக்கும் என் சிரம் தாழ்ந்த வணக்கம்.

கூட்டத்துக்கு அனுமதி தந்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லிவிட்டேன். ஜப்பான் சக்கரவர்த்தி இருக்கும் கிழக்கு நோக்கித் தலை தாழ்த்த வேண்டும் என்பது விதி. தாழ்த்திவிட்டோம். இனி நம் பேச்சுக்கு வருவோம்.

என் தொண்டையை நீங்கள் அறிவீர்கள். ஃபேரர் பார்க் வட்டாரத்தில் கல்யாணமா, கோயில் திருவிழாவா, பந்தாட்டக் கோப்பையா, கூப்பிடு அந்த ஒலிபெருக்கி வேண்டாத மனுசனை என்பீர்கள். அந்தத் தொண்டை இன்று ஏன் தணிந்து ஒலிக்கிறது? பின்வரிசைக்குக் கேட்கவில்லையா? கொஞ்சம் முன்னால் வாருங்கள், ஐயா. உரக்கப் பேச எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் மேசைக்குப் பின்னால் நிற்கிறேன்.

யார்தான் பயப்படவில்லை? தைப்பூசத்துக்குக் காவடியைத் தூக்கிக்கொண்டு டாங்க் ரோடு வரை ஆடிப் போனவர்கள் நாம். இன்று டோபி காட் பக்கம் போனால் ஜப்பான் ராணுவப் போலீஸ் குடியேறிய அந்தக் கட்டடத்தைப் பார்க்காமல் எதிர்ப்பக்கத்தால் குனிந்து நடக்கிறோம். அதன் பெயரைக்கூட நாம் சொல்வதில்லை. அந்தக் கட்டடத்துக்குள்தான், அன்பர்களே, நமது மின்வண்டியை உருவாக்கியவர், இராசேஸ்வரி அம்மையாரின் கணவர், அம்பலவாணர் இருக்கிறார்.

ஏன் இருக்கிறார்? திருடினாரா? தீ வைத்தாரா? ஒரு சொல் சொன்னார். ஒரே ஒரு சொல்!

அதற்கு முன் இந்தக் கம்பெனியின் கதையைச் சொல்லியாக வேண்டும். பங்குதாரர் கூட்டம் அல்லவா? பெட்ரோல் எல்லாம் படைக்குப் போயிற்று. ஊரில் ஓடும் லாரிகள் முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு, புகையைக் கக்கிக்கொண்டு, கிளம்புவதற்குள் ஒரு பானைச் சோறு வெந்துவிடுகிறது. அப்போதுதான் அம்பலவாணர் வந்தார். யாழ்ப்பாணத்தார், மின்சார வேலை படித்தவர், வீம்புக்காரர், ஒரு கேள்விக்கு ஒரு சொல்லுக்கு மேல் பதில் சொல்லாதவர். செத்துப்போன படைலாரிகளின் பாட்டரிகளை அனுமதி வாங்கி எடுத்து, அவற்றுக்கு உயிர் கொடுத்து, நாலு சக்கரத்தின் மேல் ஏற்றினார். புகை இல்லை. சத்தம் இல்லை. சிராங்கூன் சாலையில் அது முதல் முதலாக ஓடிய அன்று மாடுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கபீர் அவர்கள் கடையை விட்டு ஓடிவந்து, "இது ஓடும்லா, நான் பங்கு போடறேன்" என்று கத்தினார். நாமும் போட்டோம்.

எல்லாரும் மகிழ்ந்தோமா? இல்லை. "இந்த ஜப்பான் நோட்டை வீட்டுல வெச்சிருந்தா பூச்சி அரிக்கும், வண்டியில போட்டாலாவது வண்டி மிஞ்சும்" என்று போட்டவர்கள் உண்டு. ஆஸ்பத்திரிக்கும் ஐஸ் கடைக்கும் இதைவிட நல்ல வண்டி இல்லை என்று கணக்குப் பார்த்துப் போட்டவர்கள் உண்டு. ஈயத்தகடு தீர்ந்தால் எங்கே போவது, கரண்டு நின்றால் என்ன செய்வது என்று தலையைச் சொறிந்தவர்களும் உண்டு. ஒரு தாய், பெயர் சொல்ல மாட்டேன், என்னிடம் கேட்டார்: "ஓடலேன்னா ஆளைப் புடிப்பாங்க, ஓடுனா வண்டியைப் புடிப்பாங்க. நமக்கு இதுல என்ன லாபம்?" கேட்டுவிட்டு அவரும் ஒரு பங்கு போட்டார்.

என்ன அழகப்பன்? எழுந்தே சொல்லுங்கள்.

"கிராஞ்சிக்குப் போனப்ப என்னா ஆச்சுன்னு சொல்லுங்க! மேட்டுல வண்டி படுத்துடுச்சா இல்லையா? என் பங்கைக் கொடுத்துடுங்க, நான் போறேன்."

படுத்தது, ஐயா. மறைக்க மாட்டேன். கிராஞ்சித் தோட்டத்திலிருந்து மரவள்ளிக்கிழங்கு ஏற்றி வந்தபோது புக்கிட் தீமா மேட்டில் முக்கியது, முனகியது, நின்றேவிட்டது. தள்ளியவர்களில் நானும் ஒருவன். என் வேட்டியில் அமிலம் பட்டு விழுந்த ஓட்டையை என் மனைவி இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் சமதரையில் அது குதிரை. மேட்டுக்கு இன்னும் இரண்டு பாட்டரி வேண்டும் என்றார் அம்பலவாணர். இதுதான் நம் வண்டியின் நிலைமை. ஒரு வண்டி எங்கேயாவது நிற்கும், அழகப்பன். ஆனாலும் கம்பெனி நிற்கும். மருதப்பன் அவர்களே, இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் தயவுசெய்து மொழிபெயர்க்காதீர்கள்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அம்பலவாணரைக் கொண்டுபோன சொல்லே இந்த 'நிற்கும்'தான்.

கொஞ்சம் பொறுங்கள்.

லாரிச் சத்தம். யாரும் திரும்ப வேண்டாம். தாய்மார்கள் அப்படியே இருங்கள்.

போய்விட்டது. அவர்கள் லாரி இல்லை, மார்க்கெட் லாரிதான். எங்கே விட்டேன்?

போன வாரம் அந்தக் கட்டடத்து சார்ஜன்ட் துரை பட்டறைக்கு வந்தார். வண்டி ஃபேரர் பார்க் திடலைச் சுற்றி வந்து அவர் காலடியில் அழகாய் நின்றது. அவர் தலையசைத்தார். எங்களுக்கு உயிர் வந்தது. அவர் ஏதோ கேட்டார். அதை அவருடைய ஆள் மலாயில் சொல்ல, மருதப்பன் தமிழில் சொன்னார்: "ஐயா கேக்கிறாரு, இன்னும் ஒரு வருஷம் போனா இது என்ன ஆகும்?"

நானாக இருந்தால் அரைமணி நேரம் பேசியிருப்பேன். கபீர் அவர்களாக இருந்தால் பேரீச்சம்பழம் கொடுத்துப் பேசியிருப்பார். அம்பலவாணர் கையைத் துடைத்துக்கொண்டே ஒரே சொல்லாய்ச் சொன்னார்: "நிக்கும்."

அவர் யாழ்ப்பாணத்துப் பேச்சில் நிலைக்கும் என்றார்! இருக்கும் என்றார்! எங்கேயும் போகாது என்றார்! மருதப்பன் அவர்கள் தஞ்சாவூர்க்காரர். வண்டியைப் பார்த்து ஒருவன் நிக்கும் என்றால் தஞ்சாவூர்க்காரருக்கு என்ன பொருள்? ஓடாது என்று பொருள். அவர் மலாயில் சொன்னார்: "பெர்ஹென்தி." நின்றுபோகும். மலாயிலிருந்து அது ஜப்பான் மொழிக்குப் போயிற்று. துரையின் முகம் மாறிற்று. செய்தவனே நின்றுபோகும் என்கிறான் என்றால், படையின் பாட்டரிகளை வாங்கி இவன் யாரை ஏமாற்றுகிறான்? கபீர் அவர்கள் விளக்க ஓரடி முன்னால் வைத்தார். அவர் கன்னத்தைப் பாருங்கள். வீக்கம் இன்னும் வற்றவில்லை. அம்பலவாணரின் கையில் துடைத்த துணி இருந்தது, அதோடேயே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

யாழ்ப்பாணத்துப் பேச்சு எனக்கும் முதலில் பிடிபடவில்லை, அன்பர்களே. முதல் தடவை அவர் வீட்டுக் கதவைத் தட்டி, ஐயா இருக்கிறாரா என்று கேட்டேன். இந்த அம்மையார் சொன்னார்: "உள்ளுக்கை நிக்கிறார், வாங்கோ." நான் பதறிப்போய், "ஏம்மா நிக்கிறாரு, உக்காரச் சொல்லுங்க" என்றேன். உள்ளே போனால் மனுசன் நாற்காலியில் சாய்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்! அவர்கள் ஊரில் இருப்பவர் எல்லாம் நிற்பவரே. அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் எத்தனை நாள் சிரித்திருக்கிறோம்.

இப்போது அதே அம்மையார் தினந்தோறும் அந்தக் கட்டடத்து வாசலுக்குப் போகிறார். காவல்காரனிடம் ஒன்றே ஒன்று கேட்கிறார்: "அவர் உள்ளை நிக்கிறாரோ எண்டு மட்டும் சொல்லுங்கோ. அது போதும்." சாப்பிட்டாரா என்று கேட்கவில்லை. எப்போது விடுவீர்கள் என்று கேட்கவில்லை. நிற்கிறாரா? இருக்கிறாரா? உயிரோடு இருக்கிறாரா? அவன் துப்பாக்கி முனையால் தெருவைக் காட்டுகிறான். இவர் திரும்பி வருகிறார்.

சரி, சார்ஜன்ட் துரை என்ன சொல்லி அனுப்பியிருக்கிறார்? மருதப்பன் அவர்கள் கூட்டத் தொடக்கத்தில் சொன்னதை எல்லாரும் கேட்டீர்கள். "வண்டி மேல நம்பிக்கை இருந்தா பங்குக்காரங்க பங்கை விட்டு வைப்பாங்க. திரும்ப எடுத்துட்டா அந்த ஆளு ஏமாத்துக்காரன். யாரு வைக்கிறாங்க, யாரு எடுக்கிறாங்கன்னு நான் பார்த்துட்டுப் போகணும்." உலகத்தில் எந்தக் கம்பெனிக்காவது இப்படி ஒரு பங்குதாரர் கூட்டம் நடந்ததுண்டா? இலாபம் வருமா, நட்டம் வருமா என்று நாம் சொல்லப்போகும் கருத்தில் ஒரு மனிதனின் கழுத்து தொங்குகிறது!

பங்கைத் திரும்ப எடுத்தால் அம்பலவாணர் உயிர் போகும். விட்டு வைத்தாலோ, நாளை அந்த வண்டி ஏதாவது ஒரு மேட்டில் நின்றால் நம்மையும் தேடி வருவார்கள். இரண்டும் எனக்குத் தெரியும். பயப்படாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. பயப்படுங்கள். நானும் பயப்படுகிறேன். பயந்துகொண்டே ஒரு காரியம் செய்யலாமா என்று கேட்கத்தான் வந்தேன்.

மருதப்பன் அவர்களே, உங்களைக் குறைசொல்ல இங்கே யாரும் கூடவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அந்தக் கட்டடத்துக்குள் போய் நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? சொன்னால் உங்களை யார் வெளியே விடுவார்கள்? உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆகவே குற்றவாளியை நானே பிடித்துத் தருகிறேன்.

குற்றவாளி தமிழ்!

ஆம், அன்பர்களே! எந்த மேடையில் ஏறினாலும் தமிழே அமுதே என்று தொடங்கும் இந்த வாய் சொல்கிறது. இனிமை கொண்டவள், இளமை கொண்டவள், ஈடிலாப் பெருமை கொண்டவள், ஆனால் ஓடாததற்கும் நிலைப்பதற்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டவள்! யாழ்ப்பாணத்துக்கு ஒரு பொருளும் தஞ்சாவூருக்கு ஒரு பொருளும் தந்து, நடுவில் ஒரு மனிதனை மாட்டிவிட்டவள்! தாயே, உன்னைக் காட்டிக்கொடுக்கிறேன். உன்னை எந்தக் கட்டடத்திலும் அடைக்க முடியாது. அவரை அடைத்துவிட்டார்கள்.

மலாய்க்காரர்களைப் பாருங்கள். தாக்குப்பிடிக்கும் என்பதற்கு அவர்களிடம் தாஹான் என்று தனிச்சொல் இருக்கிறது. மார்க்கெட்டில் செருப்பு வாங்கும்போதுகூட நாம் கேட்கிற சொல். அம்பலவாணர் அன்று தாஹான் என்று சொல்லியிருந்தால்! ஆனால் பிடித்து அடைப்பதற்கும் அவர்களிடம் அதே தாஹான்தான். அதைச் சொல்லாததால் அதையே செய்துவிட்டார்கள். சிரிப்பு வரவில்லையா? எனக்கும் வரவில்லை.

ஆகவே, மருதப்பன் அவர்களே, போய் இப்படிச் சொல்லுங்கள். துரை அவர்களே, துவான், கூட்டத்தில் நன்றாக விசாரித்தேன், யாழ்ப்பாணத்துத் தமிழில் இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தேன், தாஹான் என்பதே அந்தப் பொருள், பங்குக்காரர்களும் அப்படியே சொல்கிறார்கள் என்று சொல்லுங்கள். அப்போது நீங்கள் தவறியவர் இல்லை, துப்பறிந்தவர்!

ஆனால் வெறும் சொல்லை நம்பி மருதப்பன் எப்படிப் போவார்? சொல்லால் வந்த வினை இது. கண்ணால் பார்த்துவிட்டுப் போகட்டும். நிற்கும் என்றால் என்ன என்று நாம் காட்டலாமா? கம்பெனியில் பங்கை விட்டு வைப்பவர்கள் எழுந்து நில்லுங்கள். கையைத் தூக்க வேண்டாம், முழக்கம் வேண்டாம், வாய் திறக்க வேண்டாம். எழுந்து நின்றால் போதும்.

தலைவர் அவர்களே! வீங்கிய கன்னத்தோடு முதலில் நீங்களா? முன்வரிசைப் பெரியவர்களே, மெல்ல, மெல்ல, தூணைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாய்மார்களே! பெயர் சொல்ல மாட்டேன் என்றேனே, அந்தத் தாயும் எழுந்துவிட்டார். பின்வரிசையே! என்ன இது, என் கண் சரியாகத் தெரியவில்லை.

அழகப்பன், உங்களை நான் வற்புறுத்த மாட்டேன். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. என்ன சொல்கிறீர்கள்?

"நின்னுட்டேன்லா. முட்டி வலிக்குது, சீக்கிரம் முடிங்க!"

முடிக்கிறேன், ஐயா, முடிக்கிறேன். மருதப்பன் அவர்களே, நீங்கள் ஏன் எழுந்தீர்கள்? தொப்பியை எடுத்துவிட்டீர்களே. என்ன, கேட்கவில்லை.

"சொல்லிப் பாக்கறேன். தாஹான்னு சொல்லிப் பாக்கறேன்."

அது போதும், தம்பி. அம்மையார் ஏதோ சொல்கிறார். அமைதி, அமைதி.

"கவனமாப் போங்கோ தம்பி. அவர் நிக்கிறாரோ எண்டும் ஒருக்காக் கேட்டுக்கொண்டு வாங்கோ."

இதற்கு மேல் பேச என்னிடம் தமிழ் இல்லை. அவைத்தலைவருக்கு நன்றி. பயத்தோடு வந்து பயத்தோடு எழுந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் கண்ணீரின் நன்றி. எல்லாருக்கும் வணக்கம். ஒரே ஒரு வேண்டுகோள்: மருதப்பன் தெருமுனையில் திரும்பிப் பார்த்தாலும் பார்ப்பார். அவர் நம் கண்ணுக்கு மறையும் வரை யாரும் உட்கார வேண்டாம்.