சத்தமாக ஜெபிக்கும் தம்பி

ஐக்கியக் கிறிஸ்துமஸ் விழாவுக்குத் தலைமை தாங்கும் அருள்திரு ஆயர் அவர்களே, அவர் அருகே அன்போடு அமர்ந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, அழைத்ததும் கூச்சம் பாராமல் வந்த ஜெபவீட்டுப் பாஸ்டர் அவர்களே, பெரியோர்களே, மார்கழிப் பனியில் மடிப்பிள்ளைக்கு முந்தானையைப் போர்த்திக் காத்திருக்கும் தாய்மார்களே, ராஜபாளையத்தாரே, ஸ்ரீவில்லிபுத்தூராரே, அனைவரையும் வணங்குகிறேன். பஞ்சாலையில் பிட்டர் வேலை பார்க்கும் ராஜரத்தினமாகிய எனக்கு ஒற்றுமை என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். அதைப் பேசத் தகுதியில்லாதவன் நான்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் என் தம்பி பெலிக்ஸ், எங்கள் சபையை விட்டு ஜெபவீட்டில் சேர்ந்து, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே ஒரு பம்புசெட் தொட்டியில் மூழ்கி ஞானஸ்நானம் எடுத்தான். ஈரவேட்டியோடு நின்றவனிடம் கேட்டேன்: "ஏலே, பச்சப்புள்ளையில அப்பா உன்னக் கையில ஏந்திக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாதாலே?"

"அண்ணே, அது அப்பா எடுத்த முடிவு. இது நான் எடுத்தது" என்றான்.

அன்று மூடியது என் வாய். பண்டிகைக்குப் பேச்சில்லை, பந்தியில் பேச்சில்லை, பெற்ற தாயின் அடக்கத்திலும் பேச்சில்லை. வேதம் ஒன்று, வேண்டுதல் ஒன்று, விசுவாசம் ஒன்று. வீம்பு மட்டும் இரண்டா? ஆளுக்கொரு வீம்பு என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அவன் வருடந்தவறாமல் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டு வாசலுக்கு வந்தான். நான்தான் கதவைத் திறக்கவில்லை.

சென்ற ஆனியில் என் மனைவி பொன்மணிக்கு வயிற்றில் கட்டி. மறுநாள் காலை ஆபரேஷன் என்றார்கள். யார் சொன்னார்களோ, பெலிக்ஸ் வந்துவிட்டான். நான் ஜெபப்புத்தகத்தை விரித்து மனதுக்குள் வாசித்தேன். பக்கத்துக் கட்டில் அம்மா ஜெபமாலை உருட்டினார். என் தம்பியோ கைகளை உயர்த்தி, வார்டே அதிரக் கண்ணீரோடு கூப்பிட ஆரம்பித்தான். நர்ஸம்மா ஓடி வந்து, "ஒருத்தர் மாத்தி ஒருத்தர் ஜெபிங்கய்யா" என்றார். சிரிக்கிறீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நிப்பாட்டுலே" என்றேன்.

கண்மூடிக் கிடந்த பொன்மணி என் கையைப் பிடித்தாள். "தம்பிய நிப்பாட்டாதீங்க. நீங்க மனசுக்குள்ள ஜெபிக்கது சாமிக்குக் கேக்கும், எனக்குக் கேக்கல. எனக்குப் பயமா இருக்குங்க. சத்தம் கேட்டாத்தான் ஆளுக பக்கத்துல இருக்கது தெரியுது."

யாருடைய ஜெபத்தை ஆண்டவர் கேட்டார்? என்னுடையதையா, அவனுடையதையா, ஜெபமாலை அம்மாவுடையதையா? எனக்குத் தெரியாது, அறிந்துகொள்ள ஆசையும் இல்லை. பொன்மணி இதோ, தாய்மார்களோடு நலமாக அமர்ந்திருக்கிறாள். கைதட்ட வேண்டாம் ஐயா, நான் இன்னும் முடிக்கவில்லை.

ஞானஸ்நானத்தைப் பற்றி என் கருத்து இன்றும் மாறவில்லை. அவனுடையதும் மாறவில்லை. மாற வேண்டுமென்று யார் சொன்னது? கருத்து இரண்டாக இருக்கட்டும். கஞ்சி குடிப்பது ஒரே வீட்டில் இருக்கட்டும்.

பெலிக்ஸ், நாலாம் வரிசையில் நீ இருப்பது தெரிகிறது. ஆஸ்பத்திரிக்குப் பொறவு உன்னோடு பேசினேன், சாப்பிட்டேன். ஒன்றை மட்டும் சொல்லாமலே இருந்துவிட்டேன். சபை அறியச் சொல்கிறேன். அன்னைக்கு பம்புசெட் தொட்டிய விட்டு ஏறி நீ ஈரத்தோட நடுங்கிக்கிட்டு நின்ன. தோள்ல துண்டு கிடந்தும் உனக்குத் துவட்டக் குடுக்காம வந்துட்டேன்லே. அண்ணன மன்னிச்சிரு.

பொறுமையோடு கேட்ட அனைவருக்கும் நன்றி. எங்கள் ஆயர் சபையாருக்குத் தோத்திரம், பங்குத்தந்தையின் மக்களுக்கு இயேசுவுக்கே புகழ், சத்தமாகச் சொல்லும் ஜெபவீட்டாருக்கு அல்லேலூயா. வருகிறேன்.