எழுத்து ஆதாரம் இல்லாத பாட்டு

பெப்ரவரி முதல் ஞாயிறு, கனடாவில் வோபர்னுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். மனைவியின் மடியில் வளர்ந்தோர் வகுப்புக்கு அவர் எழுதிய கட்டுரை. அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த கறுப்பினத்தவரின் பக்திப் பாட்டொன்று, கனடாவுக்குத் தப்பிவர இரகசியமாக வழி சொன்னதாம்.

“ரீச்சர் எழுத்து ஆதாரம் கேக்கிறா. இல்லாட்டி அந்தப் பக்கத்தை வெட்டட்டாம். வெட்டாட்டி ஃபெயிலாம்.”

“நியாயம்தானே. ஓடினவங்கள் முதலாளியிட்டைக் கடிதம் வாங்கிக்கொண்டெல்லோ ஓடியிருக்கோணும்.”

“பகிடி விடாதேங்கோ. அது சொர்க்கத்தைப் பற்றின வெறும் பாட்டாயும் இருக்கலாமாம்.”

“முதலாளியும் அப்பிடித்தான் நினைச்சிருப்பான். நாங்களும் கோயிலுக்குப் போறம் எண்டு ஆமிக்காரனிட்டைச் சொல்லிப்போட்டுத்தானே ஊரைவிட்டு வெளிக்கிட்டனாங்கள்?”

மனைவி கையிலிருந்த பேனையை மூடினார்.

“அதுக்கும் எங்களிட்டை ஆதாரம் இல்லைத்தான். நான் வெட்டேல்லை. ஃபெயிலாக்கட்டும்.”