வெட்டு அல்ல, நசுக்கு

விசாரணை அதிகாரியிடம் என் பெயரும் வீட்டு எண்ணும் தனித்தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வயது முப்பத்தொன்று. அட்டைப்பெட்டி செய்யும் பட்டறையில் வேலை. என் அக்கா, அக்காவின் கணவர், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், நான், என் தங்கை எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அக்கா கணவரை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். அவர் அதே பட்டறையில் மேஸ்திரி. எனக்கும் தங்கைக்கும் அங்கே வேலை வாங்கிக் கொடுத்தவர் அவர். எங்கள் வீட்டுப் பெரியவர்களில் ஆங்கிலம் பேசுகிறவரும் அவர்தான். இந்த நாட்டில் வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் எங்கே போனாலும் எங்களுக்காக அவரே பேசுவார்.

பட்டறையில் அட்டையை மடிப்பு போட்டு வெட்டும் இயந்திரம் ஒன்று உண்டு. இரண்டு இரும்புத் தகடுகள் புத்தகம் போலத் திறந்து மூடும். சும்மா நிற்கும் நேரத்திலும் வாயை மூடாமல் சத்தம் போடுவதால் நாங்கள் அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தோம். தகட்டின் விளிம்பில் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. அதில் கை இடித்தால் இயந்திரம் நின்றுவிட வேண்டும். அது அடிக்கடி நின்று வேலை தாமதமாகிறது என்று அந்தக் கம்பியை இடிபடாதபடி கட்டுக்கம்பியால் மேலே இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

சம்பவத்தன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தங்கை அந்த இயந்திரத்தில் அட்டை வைத்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்து மேசையில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஓர் அட்டை கோணலாக உட்கார்ந்ததால் அவள் அதைச் சரிசெய்யக் கையை நீட்டினாள், தகடு மூடியது, இயந்திரம் நிற்கவில்லை. அவள் கத்தவில்லை, 'அய்யோ சின்னக்கா' என்று மெதுவாகத்தான் சொன்னாள். நான் ஓடிப்போய் சிவப்புச் சுவிட்சை அழுத்தினேன். அதன் பிறகு அத்தான் வந்து பக்கச் சக்கரத்தைக் கையால் சுற்றித் தகட்டைத் திறந்தார். முழங்கைக்குக் கீழே முழுவதும் உள்ளே அகப்பட்டிருந்தது. அந்த ஓரத்தில் கத்திகள் இல்லை, ஒரு கத்தியின் நுனி மட்டும் மணிக்கட்டில் பட்டுச் சின்னதாகக் கிழித்திருந்தது. வேறு ரத்தம் இல்லை.

அதன் பிறகு அத்தான் எங்களைக் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். வழியில் அவர், 'வீட்ல காய் நறுக்கறப்ப கத்தி பட்டுச்சுன்னு சொல்லிக்கலாம். மெஷின்னு சொன்னா மூணு பேருக்கும் வேலை போயிடும், பாத்துக்க' என்றார். தங்கை கண்ணை மூடியிருந்தாள்.

மருத்துவமனையில் ஒரு பெண் டாக்டர் பார்த்தார். அத்தான் அவரிடம் பேசியதில் கிச்சன், நைஃப், கட் ஆகிய சொற்கள் எனக்குப் புரிந்தன. டாக்டர் கிழிந்த இடத்தில் தையல் போட்டுவிட்டு விரல்களை நீட்டச் சொன்னார். தங்கையால் முடியவில்லை, வலியில் அவள் உதடு வெளுத்துவிட்டது. டாக்டர் ஏதோ கேட்டதற்கு அத்தான் சிரித்தபடி பதில் சொன்னார். பிறகு எங்களிடம், 'பயந்தாங்கொள்ளின்னு சொன்னேன்' என்றார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு மாத்திரைக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். தங்கை என் காதருகே, 'சின்னக்கா, விரல் எல்லாம் மரத்துப்போச்சு, ஆனா உள்ள யாரோ முறுக்கற மாதிரி இருக்கு' என்றாள். சட்டைக் கையைத் தள்ளித் தொட்டுப் பார்த்தேன். கை மரக்கட்டை போல இறுகியிருந்தது, தோல் பளபளவென்று இழுபட்டிருந்தது. அத்தான், 'தையல் போட்டா அப்படித்தான் இருக்கும், கிளம்பு' என்றார்.

நான் எழுந்து டாக்டர் இருந்த அறைக்குப் போய்த் திரையை விலக்கினேன். அவர் வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'நாட் கட்' என்றேன். அவருக்குப் புரியவில்லை. என் இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து அழுத்திக் காட்டி, 'க்ரஷ். மெஷின். க்ரஷ்' என்றேன். அந்தச் சொல் எனக்கு எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன்: அடுக்கும்போது பாரத்தில் நசுங்கிப்போகும் பெட்டிகளைப் பட்டறையில் 'க்ரஷ்' என்று சொல்லித் தனியாகப் போடுவோம்.

டாக்டர் உடனே வெளியே வந்தார். அத்தானைப் பார்த்து, 'மெஷின்?' என்றார். அத்தான் தரையைப் பார்த்தார். டாக்டர் தங்கையின் கையை அமுக்கிவிட்டு நடுவிரலைப் பிடித்து நீட்டினார், அப்போதுதான் அவள் முதல்முறையாக அலறினாள். அதன் பிறகு அவளைக் கட்டிலில் படுக்க வைத்து அறுவை சிகிச்சை டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் அத்தானிடம் வேகமாகப் பேசினார். அத்தான் எங்கள் பக்கம் திரும்பி, 'கையை வெட்டணுமாம்' என்றார்.

தங்கை கட்டிலிலிருந்து இறங்கிவிட்டாள். கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, 'வேணாம். வீட்டுக்குப் போலாம். செத்தா கையோடயே சாகறேன்' என்றாள். அத்தான், 'அவளுக்கு இஷ்டமில்லைன்னா எப்படி' என்று என்னிடம் சொன்னார். அந்த டாக்டர் 'கட்' என்றதற்குப் பிறகு இன்னொரு சொல் சொன்னது என் காதில் விழுந்திருந்தது, ஆனால் பிடிபடவில்லை. ஆகவே நானே அவரிடம், 'கட் ஆஃப்? கட் ஓப்பன்?' என்று கேட்டேன். ஆஃப் என்பது சுவிட்சில் இருக்கிறது, ஓப்பன் என்பது நாங்கள் செய்யும் பெட்டிகளின் மேல் அச்சாகியிருக்கிறது. அவர், 'ஓப்பன், ஓப்பன். நாட் ஆஃப்' என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்துத் தன் கையிலேயே முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு கோடு போட்டு, இரண்டு பக்கமும் விரிவது போல விரல்களால் காட்டினார்.

நான் தங்கையிடம், 'கையை எடுக்கறதெல்லாம் இல்லடி. கீறித் திறந்துவிடறாங்க. உள்ள வீங்கிப்போய் இடம் பத்தல' என்றேன்.

'நீ பொய் சொல்றியா?'

'மத்த நாள்ல சொல்லியிருப்பேன்.'

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சம்மதத் தாளில் இடது கையால் கையெழுத்துப் போட்டாள்.

அறுவை சிகிச்சை முடிந்து வந்த டாக்டர், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கை போயிருக்கும் என்பதைக் கத்தரிக்கோல் போல விரல்களை வைத்துக் காட்டினார். வெட்டிய இடத்தைச் சில நாள் மூடாமல் வைத்திருந்து பிறகு தைத்தார்கள். இப்போது கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மடங்குகின்றன. மற்ற இரண்டும் மடங்கவில்லை.

'வெட்டணும்' என்று அத்தான் விளங்காமல் சொன்னாரா, அவள் பயந்து வீட்டுக்கு வந்துவிடட்டும் என்று வேண்டுமென்றே சொன்னாரா என்று அதிகாரி கேட்டார். அதைச் சொன்னபோது அத்தான் முகத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது, கண்ணும் கலங்கியிருந்தது. எது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கத்தி என்று சொன்னது மட்டும் தெரிந்தே சொன்ன பொய்.

தடுப்புக் கம்பியைக் கட்டியது யார் என்று கேட்டார். அத்தான். அவர் ஸ்டூலில் ஏறி நின்று கட்டியதை நான் பார்த்தேன். கட்டச் சொன்னது முதலாளி. அவர் கீழே நின்று ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதையும் பார்த்தேன். இதை எழுதிக்கொள்ள வேண்டும்.

நேற்று அக்கா என்னிடம், 'கைதான் பொழச்சுடுச்சுல்ல. அவரை விட்டுடேன்டி' என்றாள். இன்று காலையில் வழக்கம்போல எனக்கும் சாப்பாடு கட்டிப் பையில் வைத்தாள். இப்போது வெளியே நடைபாதையில் உட்கார்ந்திருக்கிறாள். முடிந்ததும் இருவரும் ஒரே வீட்டுக்குத்தான் போகவேண்டும். இங்கே நான் என்ன சொன்னேன் என்பதை அவளிடம் வேறு யாரும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நானே சொல்லிக்கொள்கிறேன்.

இவை யாவும் நான் கண்டதும் கேட்டதும். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொன்னதல்ல. எழுதியது முழுவதையும் எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உண்மையாக இருப்பதால் கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)