சொன்ன விலைக்கே சரி என்றவர்

திரைச்சீலை வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் ஜன்னலை அளக்காமல்தான் வருவார்கள். இரண்டு கையையும் விரித்து, "இவ்வளவு இருக்கும்" என்பார்கள். அந்தக் கை விரிப்பைப் பார்த்தே துணி வெட்டி இத்தனை காலம் பிழைத்துவிட்டேன்.

உட்காருங்கள் அம்மா. மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பட்டுமா? உங்கள் தம்பி உள்ளறையில் பத்திரமாக இருக்கிறார், குரலைக் கேட்டீர்களே. வந்ததும் வராததுமாக, "என் தம்பியை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டீர்கள். கூடப் பிறந்தவள் கேட்க வேண்டியதுதான். ஒளிக்கிற பழக்கம் என்னிடம் இல்லை. துணியில் சாயம் போகும் என்றால், விற்ற பிறகாவது சொல்லிவிடுவேன்.

உங்கள் தம்பி முதலில் வாடிக்கையாளராகத்தான் வந்தார். கல்யாணத்துக்குப் பிறகு குடிபோகிற வீட்டுக்குத் திரைச்சீலை வேண்டும் என்றார். விலை சொன்னேன். நான் சொல்கிற முதல் விலை பேச்சை ஆரம்பிப்பதற்காகச் சொல்வது. அதை யாரும் கொடுத்துவிட மாட்டார்கள் என்கிற நம்பிக்கையில்தான் சொல்வதே. உங்கள் தம்பி "சரிண்ணே" என்று பையைத் திறந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தம்பி, கொஞ்சம் கொறைச்சுக் கேளுங்க" என்று நானே கெஞ்சினேன்.

"எதுக்குண்ணே? நீங்க பாத்துதானே சொல்லியிருப்பீங்க."

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்படி ஒரு மனிதர் வெளியே நடமாடினால் என்ன கதிக்கு ஆளாவார்? உலகத்தில் என்னைப் போன்றவர்கள் இருக்கிறார்கள். என்னைவிட மோசமானவர்களும் இருப்பதாகக் கேள்வி. அவரைக் காப்பாற்றும் பொறுப்பை அந்த நிமிடமே எடுத்துக்கொண்டேன். யாரும் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டதுதான்.

கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர் என்று தெரிந்ததும் ஒரு மென்பொருள் செய்து தரச் சொன்னேன். ஜன்னல் படத்தைப் போட்டால் அதில் நம் துணி தொங்குவதைக் காட்ட வேண்டும். செய்தார், அழகாக ஓடியது. இதை ஒப்படைத்துவிட்டால் கல்யாணம், கையோடு வெளியூரில் புது வேலை என்று சிரித்தபடி சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். நான் அந்த மென்பொருள் இருக்கும் இடத்தைத் திறந்து ஒரு கோப்பைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். எந்தக் கோப்பு என்றெல்லாம் பார்க்கவில்லை. சின்னதாக, யார் கண்ணிலும் படாமல் ஒரு மூலையில் இருந்தது.

திரும்பி வந்து திறந்தார். திரை ஒரு முறை கண் சிமிட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. இன்ன கோப்பைக் காணவில்லை, தொடங்க முடியாது என்று ஒரு செய்தி மட்டும் நின்றது.

"என்ன தம்பி, இவ்வளவு பெரிய மென்பொருள் ஒரு துக்கடா ஃபைலுக்கா மயக்கம் போடுது?"

"இதெல்லாம் தனியா எந்திரிக்காதுண்ணே. கூட நாலு பேர் தாங்கிப் பிடிச்சாத்தான் நிக்கும். அதுல ஒருத்தன் வரலேன்னாலும் போய்ப் படுத்துக்கும்."

"கல்யாணத்துல கோவிச்சுக்கிற மாமா மாதிரின்னு சொல்லுங்க."

விழுந்து விழுந்து சிரித்தார். என் பேச்சுக்கு அப்படிச் சிரிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை.

அந்தக் கோப்பைத் தேடிப் போட்டார். நான் வேறொன்றை எடுத்தேன். அதையும் போட்டார். மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினால் ஒரே மூச்சில் முடிகிற வேலை. மனசு கேட்காமல் நானே அதைச் சொல்லியும் பார்த்தேன்.

"அப்படிப் போட்டா ஓடிரும்ணே. ஆனா எது கொறைஞ்சுதுன்னு தெரியாமலே போயிரும். நாளைக்கு மறுபடி படுத்துக்கிட்டா, ஓடாததைத் தலையில கட்டிட்டுப் போயிட்டான்னு பேராயிரும்."

அவர் தொழில்முறை அது. செய்தி எதைக் கேட்கிறதோ அதை மட்டும் கொடுப்பார். வாங்கிக்கொண்டு அது அடுத்ததைக் கேட்கும். குப்பையைத் திறந்து பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. யாராவது எடுத்திருப்பார்களோ என்று நினைக்கத் தெரியாத பிள்ளை. இதனால்தான் அம்மா, இவரை வெளியே விட முடியாது என்று நினைத்தேன்.

கல்யாணம் நெருங்கியது. மனிதரும் மென்பொருள் மாதிரிதான் என்பது அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. இவர் எதையெல்லாம் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று கவனித்தேன். புது வேலை கொடுத்தவர்கள் போனில் கூப்பிட்டார்கள். போன் என் மேஜையில் சார்ஜில் கிடந்தது. எடுத்து, தம்பி எங்களிடமே சேர்ந்துவிட்டார் என்று மரியாதையாகச் சொன்னேன். பெண்ணின் அப்பா விசாரிக்க வந்தார். "நல்ல பையன்" என்றேன். என்றுவிட்டுக் கொஞ்ச நேரம் மேஜையைத் துடைத்தேன். கெடுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. துணியைப் பற்றிப் பேசும்போது அப்படி நிறுத்தினால் அந்தத் துணி விற்காது, அவ்வளவுதான். அவர் வாடகைக்கு இருந்த அறையின் சொந்தக்காரரிடம், தம்பி காலி செய்யப் போகிறார், சொல்லக் கூச்சப்படுகிறார் என்றேன். நீங்கள் போன் செய்தபோதெல்லாம் "வேலையா இருக்காரும்மா, நல்லா சாப்பிடறார்" என்று சொன்ன குரலும் என்னுடையதுதான்.

ஒவ்வொன்று சரியும்போதும் என்னிடம்தான் ஓடி வந்தார். "ஏன்ணே எனக்கு மட்டும் இப்படி ஆகுது?" என்பார். "பாத்துக்கலாம் தம்பி, மொதல்ல இது திறக்கட்டும்" என்பேன். உள்ளறையில் துணிச் சுருள்களை ஒதுக்கிக் கட்டில் போட்டேன். ஜன்னலுக்குத் திரைச்சீலையும் மாட்டினேன். கல்யாண வீட்டுக்கென்று அவர் வாங்கியதுதான், வீணாகக் கூடாது பாருங்கள்.

என் வீட்டுக்காரிதான் குடைந்தாள்.

"அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம்னு சொன்னீங்களே?"

"தள்ளிப் போயிருக்கு."

"தானா போச்சா, யாராவது தள்ளினாங்களா?"

நான் சாம்பாரை ஊற்றச் சொன்னேன் என்று வையுங்களேன். ஏதோ சொல்லிப் பேச்சை மாற்றினேன். மறுநாளிலிருந்து கடைக்கு வரும் சாப்பாட்டில் இன்னொருவர் பங்கும் இருக்கிறது. அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டேன்.

இன்று காலை, நீங்கள் வருவதற்குச் சற்று முன்பு, மென்பொருள் திறந்துவிட்டது. பேரம் பேச வந்த ஒரு அம்மாளிடம் மாட்டிக்கொண்டு, அடுத்த கோப்பை எடுக்க மறந்துபோனேன். உங்கள் தம்பி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணே, திறந்துருச்சு. நான் கிளம்பறேன்."

"சந்தோஷம் தம்பி, போயிட்டு வாங்க" என்றேன். மனதாரச் சொன்னேன், தடுக்கவில்லை. வாசல்வரை போனார். தெருவை இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். ஒரு காலைப் படியில் வைத்தார், எடுத்துக்கொண்டார். எங்கே போவது என்று என்னைக் கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கதவிடுக்கில் பார்த்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சின்னதாக ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்து, தன் கையாலேயே குப்பையில் போட்டார். மென்பொருளைத் திறந்தார். அது படுத்துக்கொண்டது. அப்போதுதான் அவர் முகத்தில் தெளிவு வந்தது.

நீங்கள் வாசலில் நின்று கூப்பிட்டபோது, "ஒரே ஒரு மெசேஜ்தான்க்கா பாக்கி, முடிச்சிட்டு வந்துடறேன்" என்றாரே, அது இந்தக் கோப்புக்கு வந்த செய்திதான்.

வேலையைக் கெடுத்தது, கல்யாணத்தைக் கலைத்தது, அறையைப் பிடுங்கியது, உங்களிடம் பொய் சொன்னது எல்லாம் நான். எங்கே கூப்பிட்டுக் கேட்டாலும் இதையே சொல்வேன். ஆனால் அவரை நான் பிடித்து வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள் அம்மா. கதவு திறந்துதான் இருக்கிறது, அந்தக் கடைசிக் கோப்பை நான் தொடக்கூட இல்லை.