வலிக்காத விரல்

மேடம், நேத்து நீங்க வந்தப்ப ஒரு காப்பிகூட போட்டுக் குடுக்கல, பால் திரிஞ்சு போச்சு. எம்பேத்தி மேகலா பக்கத்துலயே இருந்தா, அதனால பேசவும் முடியல. அதான் போன்ல டைப் அடிக்கிறேன்.

அவ கை போனதுக்குக் கோச்சு முத்தமிழ்செல்வன விசாரிக்கிறீங்க. பாவம், அவரு மேல தப்பில்ல. பாறை ஏறக் கத்துக்குடுக்க ஆரம்பிச்சப்பவே எனக்கு வெளக்கமா சொன்னாரு.

"அம்மாயி, சதை வேற, சதைய எலும்போட கட்டற நாரு வேற. சதை சீக்கிரம் தேறிடும், நாரு மெதுவாத்தான் தேறும். வலிதான் அதுக்குக் காவக்காரன். விரலு வலிச்சா நிறுத்திடணும்."

"இவளயா? சோறு திங்கவே கீழ எறங்க மாட்டா, கொரங்கு"ன்னேன். மேகலா சிரிச்சா.

வாசக்காலுக்கு மேல பலகை அடிச்சு, விரல் நுனியால தொங்குவா. "வலிக்குதா மேகலா?"ன்னு போன்ல கேப்பாரு. இல்லன்னாதான் இடுப்புல இன்னும் கொஞ்சம் எடை கட்டச் சொல்லுவாரு.

பெங்களூரு பயிற்சிக் கேம்ப்புக்கு அவ பேரு வந்துச்சு. ஏன், நம்மூரு ரஞ்சன்குடியில பாறை இல்லையா? தனியா இருக்க எனக்குப் பயமெல்லாம் இல்ல, மேடம். அங்க வுழுந்து கெடந்தா யாரு பாப்பா? அவ புதுப் பெட்டி வாங்கியாந்த அன்னிக்கு, என் மூட்டுவலி மாத்திரைய நுணுக்கி அவ கூழுல கரைச்சேன். அப்பறம் தெனமும்.

"வலிக்குதா?"

"இல்ல சார்."

பொய் சொல்லத் தெரியாத புள்ள. அவரும் நம்பி எடைய ஏத்துனாரு. உள்ளுக்குள்ள நாரு பிரியுதுன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்.

கை போன அன்னிக்கு நான் அடுப்படியில இருந்தேன். சுள்ளி ஒடிஞ்சாப்புல சத்தம். போயி பாத்தா, கையப் பாத்துக்கிட்டே நிக்கிறா.

"அம்மாயி, ரொம்ப வலிக்கல. ஆனா மடங்க மாட்டேங்குது."

ஆபரேசன் பண்ணியும் ரெண்டு விரலு மடங்கல. கேம்ப்புக்கு வேற புள்ள போயிடுச்சு. இப்ப நாந்தான் தலை பின்னி, சோறு ஊட்டி வுடறேன். வூடு நெறைஞ்சாப்புல இருக்கு.

ஒண்ணுதான். இப்ப இடது கையால தொங்கிப் பழகறா, பிடிவாதக்காரி. அடுத்த வருசம் போவாளாம். நான் தடுக்கல, மேடம். மாத்திரைய மட்டும் நிறுத்தல. புள்ளைக்கு வலிச்சா எனக்குத் தாங்காது.