கந்தோரை விட்டவள்

— மெதுவாக் கதை. வீட்டுக்காரச் சிஞ்ஞோரா படுத்திருக்கிறா, நாலு மணிக்குத்தான் எழும்புவா. அதுக்குள்ளை எனக்கு ஒரேயொரு வார்த்தை சொல்லு, அமலினி. உண்மையோ, பொய்யோ?

— உண்மைதான், கிளறா அக்கா.

— சேசுவே! ஒரு பேச்சுக்கெண்டாலும் இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே நீ.

— சொல்லி என்ன? ஆர் உங்களுக்குச் சொன்னது?

— மகேந்திரராசா. ஒரு இராக் கிளப்பின்ரை குசினியிலை கோப்பை கழுவுறாராம். நேற்றுப் பூசை முடிய என்னை ஒரு பக்கமாக் கூப்பிட்டு, நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லுறார். உங்கடை தங்கச்சியைப்போலை ஒரு பிள்ளை மேடையிலை ஆடுது, ஆடி ஆடி உடுப்பைக் கழட்டுது எண்டு. எனக்கு வந்த கோவத்துக்கு அந்த மனிசனை அடிக்கப் போனன். என்ர தங்கச்சி விசாப் பேப்பர் பார்க்கிற டொத்தோரேயின்ரை கந்தோரிலை ரைப் அடிக்கிறாள், உமக்குக் கண் தெரியேல்லையோ எண்டு கத்திப்போட்டு வந்தனான். கேட்டியோ, கோயில் வளவுக்குள்ளை நிண்டு கத்தினனான்.

— பாவம் அவர். அவருக்குக் கண் வடிவாத் தெரியும்.

— கந்தோரை விட்டு எத்தினை நாள்?

— மூண்டு மாசம்.

— மூண்டு மாசம்! பலேர்மோவிலை ஒரே பஸ்ஸிலை போய் வாறம், எனக்குத் தெரியாமல் மூண்டு மாசம். இந்தா, இதை உரி. சும்மா கையைக் கட்டிக்கொண்டிருந்தால் எனக்கு இன்னும் பத்தும். சியாகுல்லித் தோட்டத்திலையிருந்து ரெண்டு பெட்டி மந்தரீனித் தோடம்பழம் வந்திருக்கு. எல்லாத்தையும் ஜாம் காச்ச வேணுமாம்.

— தாங்கோ.

— எல்லாத்தையுமோ கழட்டுறனி?

— கடைசித் துண்டை மட்டும் கழட்டமாட்டன்.

— மாதாவே. ஊரிலை, பேசாலையிலை, ஐஞ்சு வருசம் டான்ஸ் ரீச்சரிட்டை உன்னைக் கையிலை பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனது இதுக்கோ?

— அந்த ஆட்டத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை அக்கா. இதுக்குப் பழகத் தேவையில்லை. மெல்ல நடக்கவேணும், மெல்லத் திரும்பவேணும், அவ்வளவுதான். லா இந்தியானா எண்டு பேர் வைச்சிருக்கிறாங்கள். நான் சிலோன் எண்டு சொன்னன். சிலோன் எண்டால் ஆக்களுக்குத் தேத்தண்ணிதான் ஞாபகம் வரும், இந்தியா எண்டே இருக்கட்டும் எண்டான் முதலாளி.

— தொடுறவங்களோ?

— வாசலிலை ஒருத்தன் மாடுமாதிரி நிக்கிறான். தொட்டால் தூக்கி வெளியிலை போடுவான். உண்மையைச் சொன்னால் அவங்களுக்குத் தொடவும் அலுப்பு. அரைவாசிப் பேர் கொட்டாவி விடுறாங்கள். நானும் ஆடேக்கை என்ர முழங்கால் நோவைத்தான் நினைச்சுக்கொண்டிருப்பன்.

— அப்ப என்னத்துக்கடி? டொத்தோரே உன்னிலை கை கிய் வைச்சவரோ? ஒளிக்காமல் சொல்லு. இப்பவே சிஞ்ஞோராவை எழுப்புறன், அவவுக்குத் தெரிஞ்ச மனிசன்தானே.

— சீ, அந்த மனிசன்ரை தலையிலை பழியைப் போடாதேங்கோ. நாலு வருசத்திலை ஒருநாளெண்டாலும் என்னை ஒரு மாதிரிப் பார்த்ததில்லை.

— பின்னை?

— கந்தோரிலை என்ர வேலை என்னெண்டு உங்களுக்குத் தெரியுமோ? ரைப் அடிக்கிறாள் எண்டு ஊர் முழுக்கச் சொல்லுறியள். ரைப் அடிக்கிறது ஒரு மணித்தியாலம். மிச்ச நேரம், டொத்தோரே இத்தாலியிலை சொல்லுறதை நான் எங்கடை சனத்துக்குத் தமிழிலை சொல்லவேணும். உங்கடை பெர்மெஸ்ஸோ, இஞ்சை இருக்கிற விசா, புதுப்பிக்கேலாது. உங்கடை மகனுக்குப் பதினெட்டு முடிஞ்சுது, இனி இத்தாலிக்குக் கூப்பிடேலாது. குவெஸ்தூராப் பொலிசிலையிருந்து மறுத்துப்போட்டாங்கள். சனம் அவரைப் பார்க்கிறேல்லை அக்கா, என்ர வாயைத்தான் பார்க்குது. சூசையம்மா எண்டு ஒரு மனிசி வந்தவ. மகனுக்குச் சரிவராது எண்டு சொன்ன உடனை என்ர கையைப் பிடிச்சா. பிள்ளை, நீ வடிவாச் சொல்லேல்லை, இன்னொருக்காச் சொல்லிப் பார் எண்டா. சொன்னன். திருப்பியும் கேட்டா. திருப்பியும் சொன்னன்.

— அது உன்ர பிழையோ? சட்டம் அப்பிடி.

— பிழை இல்லை. வாய் என்ர வாய்.

— உந்தக் கிளப்பை எங்கை கண்டு பிடிச்சனி?

— கந்தோருக்கு ருமேனியாக்காரி ஒருத்தி வந்தவள். அவளின்ரை பேப்பரிலை கிளப் முதலாளி கையெழுத்து வைக்கவேணும். டொத்தோரே என்னைக் கூட அனுப்பினவர். பின்னேரம், ஆக்கள் இல்லை. மேடையிலை ஒருத்தி தனிய ஆடிப் பழகிக்கொண்டு நிண்டாள். முதலாளி வருமட்டும் அரை மணித்தியாலம் நான் ஒரு கதிரையிலை இருந்தன். ஒருத்தரும் என்னோடை கதைக்கேல்லை. அவளோடையும் ஒருத்தரும் கதைக்கேல்லை. ஒரு கேள்வி இல்லை, ஒரு பதில் இல்லை. எழும்பி வர மனமே வரேல்லை அக்கா.

— கதையாமல் இருக்கிறதெண்டால் கன்னியாஸ்திரி மடத்துக்குப் போயிருக்கலாமே.

— அங்கையும் செபம் சொல்லவேணும்.

— பகிடி விடாதை, அறைவன்.

— பகிடி இல்லை. களைச்சுப்போனன்.

— நான் களைக்கேல்லையோ? இஞ்சை பார், பன்ரண்டாவது சேட்டு அயன் பண்ணுறன். காலமை படி கழுவினனான், யன்னல் துடைச்சனான், கிழவிச் சிஞ்ஞோராவுக்குக் கால் பிடிச்சு விட்டனான். உன்னைக் கூப்பிட்டு இத்தாலி படிக்க விட்டது, நீயெண்டாலும் ஒரு கதிரையிலை இருக்கவேணும் எண்டுதான். வுச்சீரியாச் சந்தையிலை மீன் வாங்கப் போனாலும் எங்கடை சனம் என்னைக் கந்தோர்ப் பிள்ளையின்ரை அக்கா எண்டுதான் சொல்லும். இனி என்னெண்டு சொல்லும்?

— எனக்குத் தெரியும் அக்கா. அதை நினைச்சு நானும் அழுதனான்.

— சரி, அழாதை. நடந்தது நடந்திட்டுது. கேள், காலமை சிஞ்ஞோராட்டை எல்லாத்தையும் சொன்னனான். அவ டொத்தோரேக்கு ரெலிபோன் அடிச்சவ. நாளைக்கு ஒன்பது மணிக்கு வரட்டாம். உன்ர இடத்துக்கு இன்னும் ஒருத்தரையும் எடுக்கேல்லையாம்.

— நான் போகமாட்டன்.

— எனக்காகப் போ.

— உங்களுக்காகத்தான் போகேல்லை.

— என்ன விசர்க்கதை இது? நீ அங்கை இருந்தால்தானே உன்ர அத்தான்ரை ஃபைல் அசையும்? தொண்ணூறிலை அவரைக் கொழும்பிலை விட்டிட்டு வந்தனான். ஆறு வருசம். அந்த மனிசனும் பாவம். எம்பசிக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ஞ்சுபோச்சுது, இண்டைக்கு வா, நாளைக்கு வா எண்டு அலைக்கழிக்கிறாங்கள் எண்டு ஒவ்வொரு கடிதத்திலையும் எழுதுறார்.

— ஓம்.

— என்ன ஓம்? எனக்கு வாற மாசம் முப்பத்தொன்பது. பிள்ளை வேணுமெண்டால் இனிக் கனகாலம் இல்லை எண்டு டொக்டர் சொல்லிப்போட்டா. நான் கட்டிலும் வாங்கிப் போட்டிட்டன், ரெண்டு பேர் படுக்கிற கட்டில். தனியப் படுத்தாலும் சுவர்ப் பக்கமாத்தான் ஒடுங்கிப் படுக்கிறனான், மற்றப் பக்கம் அவருக்கெண்டு.

— அக்கா, காணும், நிப்பாட்டுங்கோ.

— என்ன காணும்? பொறு, பொறு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை நீ ரெலிபோன் அடிக்கேக்கை உன்னட்டைக் கேட்டனானே, அத்தான்ரை பேப்பர் வந்ததோ எண்டு. போன வெள்ளியும் கேட்டனான். இன்னும் வரேல்லை எண்டு சொன்னனி. கந்தோரிலை இல்லாத நீ என்னெண்டு சொன்னனி?

— ஸ்தாசியோனே சென்ட்ராலேயிலை, ரெயில் ஸ்டேசன் போன் பெட்டிக்குள்ளை நிண்டு சொன்னனான்.

— அப்ப பேப்பரைப் பார்க்காமலே சொன்னனி.

— பார்க்கத் தேவையில்லை அக்கா.

— ஏன் தேவையில்லை? என்னைப் பார்த்துச் சொல்லு. மந்தரீனியைப் பார்க்காதை.

— உங்களுக்கு அந்தக் கேள்வியைக் கேக்கிறது ஒரு கிழமைக்கு ஒருக்கா. நான் வியாழக்கிழமையே அதுக்கு என்ன பதில் சொல்லுறது எண்டு தேடத் தொடங்குவன். எல்லாருக்கும் எல்லாத்தையும் சொன்னனான். உங்களுக்கு மட்டும் சொல்லத் தெரியேல்லை. அந்தக் கதிரையிலை இனி என்னாலை இருக்கேலாது.

— எனக்கு நீ சொல்லுறது ஒண்டும் விளங்கேல்லை. நீ போகவேண்டாம், விடு. நாளைக்கு அரைநாள் லீவு கேட்டுக்கொண்டு நானே போறன். டொத்தோரேக்கு முன்னாலை போய் இருக்கிறன். என்ர இத்தாலி உடைஞ்ச இத்தாலிதான், எண்டாலும் என்ர புருசன்ரை பேப்பர் எங்கை எண்டு கேக்கத் தெரியும்.

— போகாதேங்கோ.

— போவன்.

— அக்கா, அந்த டொத்தோரே மனிசன் ஒரு வசனத்திலை சொல்லி முடிச்சுப்போடும். உங்களுக்குப் பக்கத்திலை ஒருத்தரும் இருக்கமாட்டினம்.

— என்னத்தைச் சொல்லி முடிக்கும்?

— அயன்பெட்டியை வையுங்கோ.

— வைச்சிட்டன். சொல்லு.

— அத்தானுக்குப் போன வருசம் மே மாசமே விசா சரிவந்திட்டுது அக்கா. பாஸ்போட்டைக் கொண்டு வாங்கோ எண்டு எம்பசி மூண்டு கடிதம் போட்டுது, கொப்பி கந்தோருக்கும் வந்தது, அவர் அந்தப் பக்கமே போகேல்லை.